8.33 சதவீதம்

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிகளின் பிழைப்பு பெரும்பாலும் ஒரே எண்ணில் அடங்கிவிடும்: 8.33 சதவீதம். ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டாக வகுத்தால் வருவது. அதாவது, வேலைக்குச் சேர்பவரின் ஒரு மாதச் சம்பளம். 12 லட்சம் சி.டி.சி.யில் (கம்பெனி கணக்குப்படி ஆண்டுச் சம்பளம்) ஒருவரைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்கு ஒரு லட்சம், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. பணத்தைக் கம்பெனிதான் கொடுக்கும். வேலை தேடுபவர் பைசா தர வேண்டியதில்லை. ஆனால் ஆள் சேர்ந்தால்தான் பணம். நூறு ரெஸ்யூம் அனுப்பி, இருபது பேரை இன்டர்வியூவில் உட்கார வைத்து, ஆஃபர் லெட்டர் வரை கொண்டுபோனாலும், கடைசி நாளில் அவர் வரவில்லை என்றால் கூலி பூஜ்ஜியம். சேர்ந்தவர் 90 நாளுக்குள் கிளம்பிவிட்டாலும் இலவசமாக இன்னொருவரைத் தேடித் தர வேண்டும்.

நுங்கம்பாக்கத்தில் அப்படி ஒரு கன்சல்டன்சியில் சில வருடங்கள் ரெக்ரூட்டராக இருந்தேன். அங்கே எப்போதும் ஒரு பதற்றம் இருக்கும். மாதக் கடைசியில் அது கத்தலாக மாறும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் மேனேஜரின் குணத்தைத்தான் திட்டுவார்கள். எனக்கென்னவோ குணத்தைவிட இந்தக் கணக்குதான் காரணம் என்று படுகிறது. நல்ல மனிதரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் ஆறு மாதத்தில் கத்த ஆரம்பித்துவிடுவார்.

ஐ.டி. வேலைகளில் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்பது சர்வ சாதாரணம். இன்று நான் போன் போட்டுப் பேசும் ஒருவர், எல்லாம் கூடி வந்தால், நான்கு மாதம் கழித்துச் சேர்வார். அதன் பிறகு இன்வாய்ஸ், அது பாஸாக ஒன்றிரண்டு மாதம். அரை வருடம் வரை ஆகும் இந்தக் காத்திருப்புக்கு யாராவது விலை கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வாடகையையும், நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தின் சந்தாவையும் முதலாளி கட்டினார். மீதி எங்கள் தலையில் இறங்கியது. சம்பளம் குறைவு, இன்சென்டிவ் தாராளம் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுப்பார்கள். இன்சென்டிவ் பாலிசியின் கடைசி வரியை யாரும் சேரும்போது படிப்பதில்லை: கிளையன்ட் பணம் வரும் தேதியில் ஊழியர் கம்பெனியில் இருக்க வேண்டும். விலகியவருக்குக் கிடையாது. ஆக, எப்போது கிளம்பினாலும் பின்னால் கொஞ்சம் பணத்தை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

2021, 2022-இல் அந்தப் பதற்றம் உச்சத்துக்குப் போனது. ஐ.டி. கம்பெனிகள் போட்டி போட்டு ஆள் எடுத்த காலம். இன்போசிஸில் வேலையை விட்டுப் போவோர் விகிதம் 2022 ஜூன் காலாண்டில் 28.4 சதவீதம் என்று அவர்களே அறிவித்தார்கள். கேண்டிடேட் கையில் நான்கைந்து ஆஃபர் இருக்கும். எங்கள் ஆஃபரைக் காட்டி அடுத்த இடத்தில் கூடக் கேட்பார், அதைக் காட்டி அதற்கடுத்த இடத்தில். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று மாத நோட்டீஸை அவரா கேட்டார்?

அந்த மூன்று மாதமும் அவரை விட்டுவிடாமல் பேசிக்கொண்டே இருப்பது எங்கள் வேலை. ஃபாலோ-அப். பொங்கலுக்கு வாழ்த்து, பிறந்த நாளுக்கு வாழ்த்து, ரிசிக்னேஷன் மெயிலுக்கு ஸ்க்ரீன்ஷாட், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் விசாரிப்பு. சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் டி.எல். (டீம் லீடர்) என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். "கேட் உள்ள போயிட்டாரா? போட்டோ அனுப்பச் சொல்லு." அப்படி ஒரு திங்கட்கிழமை போனை எடுத்தது கேண்டிடேட்டின் அம்மா. "அவன் போன வாரமே வேற எடத்துல சேந்துட்டாம்மா. ஒங்கிட்ட சொல்லச் சங்கடமா இருக்குன்னு போன வச்சிட்டுப் போயிட்டான். நீ காலைல சாப்ட்டியா?" ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டி.எல். ஒன்றும் சொல்லாமல் போய், எங்கள் கணக்கெல்லாம் ஏறும் அட்டவணையான டிராக்கரில் அந்த வரியைச் சிவப்பாக்கினார். அந்த மாதம் அவருக்கும் டார்கெட் போயிற்று.

அந்த டிராக்கர்தான் எங்கள் ஆபீஸின் மனசாட்சி. சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொருவரும் அன்றைய கணக்கைப் போட வேண்டும்: எத்தனை கால், எத்தனை ரெஸ்யூம், நாளைக்கு எத்தனை லைன்-அப் (இன்டர்வியூவுக்கு வரப்போகிறவர்கள்). எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். வரவே மாட்டார் என்று தெரிந்தவரையும் லைன்-அப்பில் எழுதுவோம். 'நாட் ரீச்சபிள்' ஆன நம்பருக்கே திரும்பத் திரும்ப அடித்துக் கால் கணக்கை ஏற்றுவார்கள் சிலர். மேனேஜருக்கும் இது தெரியும்; அவரும் ஒரு காலத்தில் இதைச் செய்துதான் மேலே வந்தவர்.

நடுவில் ஒரு வருடம் போல வேறொரு மேனேஜர் இருந்தார். நாங்கள் 'அக்கா' என்று கூப்பிட்ட ஒரே மேலதிகாரி அவர்தான். கால் கணக்கு கேட்க மாட்டார். ஒவ்வொரு ரெஸ்யூமுக்கும் ஒரே கேள்வி: "இவரு இப்ப இருக்கிற வேலைய ஏன் விடுறாரு?" சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால், "அப்ப நம்மளையும் சம்பளத்துக்காக விட்டுடுவாரு, அனுப்பாத" என்பார். வீடு தாம்பரம், ஆபீஸ் சிறுசேரி, போக வர மூன்று மணி நேரம் ஆகிறது என்பது போல ஒரு காரணம் கிடைத்தால் அனுப்பச் சொல்வார். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் நிலைத்தார்கள். ஆனால் சேருவதற்கு நான்கு மாதம் ஆகிறதே! அதுவரை டிராக்கரில் அவருடைய டீம்தான் கடைசி. ரிவ்யூ மீட்டிங்கில் எண்ணைக் காட்டிக் காட்டிக் கேட்டதில் அவர் பொறுமை இழந்து கிளம்பிவிட்டார். அவர் காலத்து ஜாயினிங் எல்லாம் அடுத்து வந்தவரின் கணக்கில் விழுந்தது. அந்தப் புதியவருக்குத்தான் அந்த வருடம் விருது.

முதலாளியின் சந்தேகம் தனிக் கதை. பென் டிரைவ் வேலை செய்யாது, ரெஸ்யூமை டவுன்லோட் செய்தால் யார் செய்தது என்று பதிவாகும், சேரும்போதே டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். கிளையன்ட் கம்பெனியின் எச்.ஆர். நம்பரும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் யாரும் அடுத்த தெருவில் கன்சல்டன்சி திறந்துவிடலாம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் அப்படித்தான் தொடங்கினார். விலகிப் போனால் இரண்டு வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்றும் எழுதி வாங்கினார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் பீரோவில் இருக்கும் சர்டிபிகேட்டுக்குப் பிரிவு எண்ணெல்லாம் புரியாது. தினமும் பத்துப் பேரிடம் "ரிலீவிங் லெட்டர் இருக்கா சார்?" என்று கேட்ட எங்களில் பலர், சொந்த ரிலீவிங் லெட்டருக்கு மாதக்கணக்கில் அலைந்தோம்.

வெளியே பேரோ அமோகம். புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் வாரமே கான்பரன்ஸ் ரூமில் உட்கார வைத்து கம்பெனிகளை ஊழியர்கள் மதிப்பிடும் ஆம்பிஷன்பாக்ஸ் தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட வைப்பார்கள். 'குடும்பம் போன்ற சூழல்' என்று நாலு பேராவது எழுதியிருப்பார்கள். (சர்டிபிகேட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டுதான்.)

பெண்கள் விஷயத்தில் கிளையன்ட் சொல்வது எதுவும் ஜே.டி.யில், அதாவது வேலை விவரக் குறிப்பில், இருக்காது. போனில் வரும். "புதுசா கல்யாணம் ஆனவங்க வேண்டாமே." பேறுகால விடுப்பு 2017-இல் 26 வாரமாகக் கூடிய பிறகு இந்தப் போன்கள் அதிகமாயின என்று சீனியர்கள் சொல்வார்கள். ஆள் எடுப்பதில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. நாங்கள் அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கிளையன்ட் அடுத்த கன்சல்டன்சிக்குப் போவார். பெரும்பாலும் பெண்களே வேலை பார்த்த அந்த ஆபீஸிலிருந்துதான் பெண்களின் ரெஸ்யூம்கள் ஒதுக்கப்பட்டன.

இப்போது நான் மேசைக்கு இந்தப் பக்கம், ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். கன்சல்டன்சிகளின் பில் என் வழியாகத்தான் ஃபைனான்ஸுக்குப் போகிறது. முன்பெல்லாம் 90 நாள் இழுப்பார்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. அதிலிருந்து பணம் சொன்ன நாளில் போய்விடுகிறது. போன மாதம் எங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு பெண்ணிடம் கேட்டேன்: "பணம் வந்திருக்குமே, உன் இன்சென்டிவ் எப்ப வரும்?"

"90 நாள் முடிஞ்சதும் மேம். அதுவரைக்கும் நான் இங்க இருந்தா."