முப்பது விநாடி

ஜூன் 5

அப்பாவின் ஆபரேஷனுக்கு 17-ந் தேதி குறித்துவிட்டார்கள். எங்கள் ஆன்லைன் கபடி விளையாட்டின் ரிலீஸும் அதே வாரம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 7

அக்கா பையன் இரண்டு மணி நேரம் விளையாடிப் பார்த்தான். ரெய்டு போனவன் எதிராளியின் தோளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், கை பட்டது. சர்வர் தொடவில்லை என்றது. "தொட்டேன் மாமா, நீங்களும் பார்த்தீங்கல்ல" என்று அழாத குறை.

சர்வர் எழுதிவைத்த லாக்கை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் வாங்கிய சர்வர் மென்பொருள் விநாடிக்கு 20 டிக் ஓடுகிறது. 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் களத்தைப் பார்க்கிறது. கை பட்ட செய்தி மும்பையில் இருக்கிற சர்வருக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிராளி நகர்ந்துவிட்டான். கீழ்வேளூரிலிருந்து மும்பை சுமார் 1,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லிவிநாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். போக ஆறு, வர ஆறு. ஆனால் வீட்டில் பிங், அதாவது செய்தி போய்வரும் நேரம், 70 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்குவதே இல்லை. மீதியெல்லாம் சுற்றுவழியில் போகிறது, அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. சர்வர் செய்யலாம். ஒவ்வொருவரும் சற்று முன்பு எங்கே நின்றார்கள் என்பதை வைத்திருந்து, பையன் தொட்ட கணத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். துப்பாக்கி விளையாட்டுகளில் இருபது வருடத்துக்கு மேலாக இது இருக்கிறது. எங்களுடையது வந்த செய்தியை வாங்கி மற்ற பதிமூன்று பேருக்கும் அனுப்புவதோடு சரி. நடுவர் வேலையை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

ஜூன் 8

கரண்ட் மூன்று முறை போனது.

ஜூன் 10

இதை எழுதாமல் தூக்கம் வராது. புது வெர்ஷன் ஏற்றும்போது, சர்வர்களை ஏற்றி இறக்குகிற குபர்நெட்டிஸ் பழைய வெர்ஷன் ஓடுகிற கண்டெய்னரிடம் மூடிக்கொள் என்று சொல்லும், 30 விநாடி காத்திருக்கும், அப்புறம் கொன்றுவிடும். நாம் எதுவும் மாற்றாவிட்டால் அதுதான் கணக்கு. துணி விற்கிற இணையதளத்துக்கு 30 விநாடி தாராளம். எங்கள் மேட்ச் பன்னிரண்டு நிமிடம். பதினான்கு பேர் நிற்கிறார்கள். ஸ்கோர், யார் உள்ளே, யார் வெளியே எல்லாம் அந்த ஒரு பிராசஸின் மெமரியில்தான் இருக்கிறது. டிஸ்கில் ஒரு வரி கிடையாது. அது செத்தால் அந்த ஆட்டம் நடந்ததற்கே சாட்சி இல்லை. கபடியில் ஒரு ரெய்டுக்கும் 30 விநாடிதான். கண்ணை மூடினால் இந்த எண்தான் வருகிறது.

கெடுவை 900 விநாடி ஆக்கினேன். பிரயோசனமில்லை. மூடச் சொல்லி சிக்னல் வந்ததுமே மென்பொருள் எல்லா ரூமையும் கலைத்துவிடுகிறது. நடக்கிற ஆட்டத்தை முடித்துவிட்டுப் போ, புதிதாக யாரையும் சேர்க்காதே என்று அதற்குச் சொல்ல வழியே வைக்கவில்லை. விற்றவர்களுக்கு எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில். மார்ச்சிலும் இதே பதில்தான்.

2018-ல் கூகுளும் யுபிசாஃப்டும் சேர்ந்து அகோனஸ் என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஆட்டம் நடக்கிற சர்வரை ஒதுக்கப்பட்டது என்று குறித்துவிட்டால், முடியும்வரை அதைத் தொடாமல் விட்டுவைக்கும். அதற்கு மாற வேண்டும். ஏழு நாளில் முடியுமா?

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள். அப்பா காலையிலிருந்து டிவி முன்னால். கல்லணைக்கு வர மூன்று நாள். நம் வாய்க்காலுக்கு எப்போதோ. விதைநெல்லை ஊறப்போடலாமா என்று என்னைக் கேட்கிறார். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 14

800 போலி ஆட்டக்காரர்களை ஏற்றிவிட்டு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பினேன். எண்ணூறும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து கதவைத் தட்டின. லாகின் படுத்துவிட்டது. ஒரு விநாடி கழித்து மறுபடி அதே எண்ணூறு. இடைவெளியை ஆளுக்கு ஆள் மாற்றி, ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாகும்படி வைத்தேன். நாற்பது விநாடியில் எல்லாரும் உள்ளே. இது ஒன்றாவது உருப்பட்டது.

ஜூன் 16

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம். முன்னால் ஒரு வைக்கோல் லாரி. அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கி வயலையே பார்த்துக்கொண்டிருந்தார், விரலால் கதவில் தாளம் போட்டபடி.

செய்தியைப் பாக்கெட் பாக்கெட்டாக, வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கிற டிசிபியும் இப்படித்தான். ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் நிற்க வேண்டும். ஒருவன் போன கணத்தில் நின்ற இடம் இனி யாருக்கு வேண்டும்? இப்போது நிற்கிற இடம் வந்து சேர்ந்துவிட்டது, உள்ளே விட மாட்டேன் என்கிறது. வரிசை பார்க்காத யுடிபி என்றால் தொலைந்ததை விட்டுவிட்டு மேலே போகலாம். நாங்கள் வாங்கிய மென்பொருளில் வெப்சாக்கெட் இணைப்பு மட்டும்தான். அதுவும் டிசிபி மேல் ஓடுவதுதான்.

ஜூன் 17

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

இரண்டு மணி. இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து ரோப்ளாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தின் அறிக்கையை மறுபடி படித்தேன். 2021 அக்டோபரில் 73 மணி நேரம் நின்றுபோனார்கள். சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வைத்திருந்த கன்சல் என்ற மென்பொருளில் புதிதாக இயக்கிய ஒரு வசதி, சுமை ஏறியதும் நெரிசலில் மாட்டிக்கொண்டது. எங்கே தவறு, என்னென்ன முயன்றோம், எது பலிக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். எங்களுக்கு சர்வர் மென்பொருள் விற்றவர்கள் இது எங்களால் ஆகாது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தால் நான் இதை வாங்கியிருக்கவே மாட்டேன். சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் உட்காரவைப்பதுதான்

ஜூன் 18

கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். இரண்டு ஸ்பூன்தான் கொடுக்கச் சொன்னார்கள்.

ஜூன் 21

ரிலீஸ் தள்ளிப்போனது. அகோனஸில் ஒரு மேட்சை ஓடவிட்டு நடுவில் வெர்ஷனை மாற்றினேன். கலையவில்லை, பன்னிரண்டு நிமிடமும் ஓடியது. தொடுதல் இன்னும் தப்பாகத்தான் சொல்கிறது.

அத்தான் போன் செய்தார். மதகு வரை தண்ணீர் வந்திருக்கிறதாம், நம் வாய்க்காலில் இன்னும் ஏறவில்லையாம். அப்பா தூங்குகிறார், எழுந்ததும் சொல்ல வேண்டும்.