இனிப்புக் கடைக்கு மெயில் ஐடி பட்டியல்: யாரிடம் கேட்பது, எப்படிச் சேர்ப்பது

கால் கிலோ மிக்சர் வாங்க வந்தவரிடம் மெயில் ஐடி கேட்காதீர்கள். வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு வாட்ஸ்அப்பே போதும். இனிப்பு, காரம் விற்கும் ஊர்க் கடைக்கு மெயில் உதவுவது மூன்று வகை ஆட்களிடம்தான்: தீபாவளிக்கு ஊழியர்களுக்குப் பெட்டி கொடுக்கும் அலுவலகங்கள், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொத்தமாகச் சொல்பவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிடச் சொல்லும் பிள்ளைகள். இவர்கள் விலைப்பட்டியலை மேலதிகாரிக்கு அனுப்புவார்கள், ஜிஎஸ்டி பில் கேட்பார்கள், அடுத்த வருஷம் பழைய மெயிலைத் தேடி எடுப்பார்கள். இப்படி 200 பேர் சேர்ந்தாலே பெரிய பட்டியல்.

கேட்க வேண்டிய இடம் ஆர்டர் எழுதும் மேசை. வரிசை நிற்கும் பில் கவுண்டரில் கேட்டால், சீக்கிரம் ஆளை விட்டால் போதும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆர்டர் எழுதும்போது “பில்லை மெயில்ல அனுப்பட்டுங்களா?” என்று கேளுங்கள். பில் அவருக்கே வேண்டும் என்பதால் சரியான ஐடியைத்தான் தருவார். அதன் பிறகு தனியாக இன்னொரு கேள்வி: “தீபாவளி விலைப்பட்டியல் வந்தா அனுப்பலாமா?” சரி என்றால் மட்டும் ஒரு டிக்.

இரண்டையும் ஒரே கேள்வியாகச் சுருட்டிவிடக் கூடாது. பில்லுக்காகக் கொடுத்த ஐடிக்கு விளம்பரம் போனால் எரிச்சல்தான் வரும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: எதற்கென்று சொல்லி வாங்கினீர்களோ, சம்மதம் அதற்கு மட்டும். கொடுத்தது போலவே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். பில் போட செல் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 மே மாதம் சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஐடி தர மாட்டேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

குலுக்கல் பெட்டி வைத்துச் சேர்ப்பதையும், யாரோ விற்கும் பட்டியலை வாங்குவதையும் மறந்துவிடுங்கள். முதலாவதில் பரிசுக்காக எழுதிய பொய் ஐடிகள் நிறைய இருக்கும். இரண்டாவதில் உங்கள் கடைப் பெயரையே கேள்விப்படாதவர்கள் இருப்பார்கள்.

நோட்டில் கையால் எழுதி வாங்குவதில் சிக்கல் அதிகம். ஒன்றா, சின்ன எல்-லா? பூஜ்யமா, ஓ-வா? ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றும்போது தெரியாது. கூகுள் ஃபார்மில் நான்கே கேள்விகள் வைத்து, அதன் க்யூஆர் கோடை மேசையில் ஒட்டிவிடுங்கள். வாடிக்கையாளரே தன் போனில் அடிக்கட்டும். மெயில் ஐடி வடிவத்தைச் சரிபார்க்கும் வசதி அந்த ஃபார்மிலேயே உண்டு. ஆனால் அது வடிவத்தை மட்டும்தான் பார்க்கும். ‘டாட் காம்’ என்பது ‘டாட் கான்’ ஆனாலும் விட்டுவிடும் (விசைப்பலகையில் எம்-முக்குப் பக்கத்திலேயே என் இருக்கிறது). ஜிமெயிலில் ஏ-யும் ஐ-யும் இடம் மாறினாலும் அதற்குத் தெரியாது. இன்னொரு சோதனை: ஜிமெயில் ஐடியில் அடிக்கோடோ நடுக்கோடோ இருந்தால் அது தவறு, ஜிமெயில் அவற்றை அனுமதிப்பதில்லை. புள்ளி விட்டுப்போனால் பரவாயில்லை, ஜிமெயில் அதைக் கணக்கில் எடுக்காது. கம்பெனி ஐடியில் மட்டும் அதே புள்ளி விட்டுப்போனால் மெயில் போய்ச் சேராது.

எல்லாவற்றையும் விட நம்பகமான வழி, அவர் எதிரில் இருக்கும்போதே ஆர்டர் விவரத்தை அனுப்பி, வந்ததா என்று அவர் போனில் பார்க்கச் சொல்வது. ஸ்பாமில் (குப்பை மெயில் பெட்டியில்) விழுந்திருந்தால் அங்கேயே எடுத்துவிடச் சொல்லலாம்.

இந்த விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஷீட்டில் பெயர், நிறுவனம், ஐடி, செல் நம்பர், சம்மதித்த தேதி, கடைசி ஆர்டர், ‘நிறுத்து’ (இனி மெயில் வேண்டாம் என்றவருக்கு) என்று ஏழு பத்தி (நெடுவரிசை) போதும். கடைசி ஆர்டரில் எத்தனை பெட்டி, அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று எழுதுங்கள். அலுவலகங்களில் அட்மின் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், அவரோடு ஐடியும் போய்விடும். அதனால் அலுவலகப் பொது ஐடியையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

அனுப்புவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 200 ஐடியையும் ‘டு’-விலோ ‘சிசி’-யிலோ போட்டால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் எல்லோர் கைக்கும் போய்விடும். அதில் யாராவது ஒருவருக்குப் போட்டிக் கடைக்காரர் உறவாக இருப்பார். ஒருவர் ஐடி இன்னொருவருக்குத் தெரியாத ‘பிசிசி’-யில் போட்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. அதற்குள்ளேயும், புதிய கணக்கிலிருந்து ஒரே போஸ்டர் மொத்தமாகப் போனால் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம்.

பட்டியல் வளர்ந்தால் சொந்த டொமைன் (கடைப் பெயரிலேயே ஓர் இணைய முகவரி) வாங்கி, மெயில் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். அந்தச் சேவையில் ‘அனுப்புநர்’ இடத்தில் ஜிமெயில் ஐடியைப் போடக் கூடாது; ஜிமெயில் பெயரில் வேறொரு சர்வர் அனுப்புவதால், அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் சோதனையில் தோற்கும். மெயில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்ட, டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று பதிவுகளையும் போட்டுவிடுங்கள். எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்க வேண்டும். சேவையை மாற்றும்போது பழையதைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள், அதோடு இரண்டுமே செல்லாது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி காட்டுகின்றன. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது ஜிமெயில். 200 பேரில் ஒருவர் ஸ்பாம் என்று அழுத்தினாலே அன்றைய கணக்கில் 0.5. அதனால் முதல் வரியிலேயே யார் என்று தெரிய வேண்டும்: “போன தீபாவளிக்கு எங்களிடம் 40 பெட்டி வாங்கினீர்கள்.” அதன் கீழே விலையை எழுத்தாகவே போடுங்கள். படத்துக்குள் இருக்கும் விலையை அலுவலகத்தில் யாரும் நகலெடுத்து ஒட்ட முடியாது. தீபாவளிக்கு 6 வாரம் முன்பு விலைப்பட்டியல், 3 வாரம் முன்பு நினைவூட்டல், ஆர்டர் முடியும் தேதிக்கு முன் ஒன்று. பொங்கலுக்கு ஒன்று. வருஷத்துக்கு அவ்வளவுதான்.

போய்ச் சேராமல் திரும்பி வரும் மெயில்களைப் படியுங்கள், காரணம் அதில் எண்ணாக இருக்கும். 550 5.1.1 என்றால் அப்படி ஓர் ஐடியே இல்லை; போன் செய்து திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். 452 4.2.2 என்றால் அவருடைய மெயில் பெட்டி நிறைந்துவிட்டது. இலவச ஜிமெயிலின் 15 ஜிபியில் போட்டோக்களும் அடக்கம் என்பதால் இது அடிக்கடி நடக்கும். அந்த ஐடியை வைத்துக்கொண்டு அவருக்குத் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று எழுதியவரின் வரிசையை ஷீட்டிலிருந்து அழித்துவிடாதீர்கள், ‘நிறுத்து’ பத்தியில் தேதியோடு குறித்து வையுங்கள். அழித்துவிட்டால், அடுத்த சீசனில் வேலைக்கு வரும் பையன் பழைய ஆர்டர் நோட்டைப் பார்த்து அதே ஐடியை மறுபடி ஏற்றிவிடுவான்.