டக் டக் டக்

மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், கையிலிருக்கும் எண்ணும் கவுன்ட்டரில் கட்டைவிரல். லேபில் அந்த அக்கா வெள்ளை அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

டக், டக், டக்.

"ரிப்போர்ட் எப்போங்க்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். விரல் நின்றது.

"போச்சு தம்பி. திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும்."

அணுக்களை எண்ணும் மெஷின் ரிப்பேராம். அதனால் நியூபாவர் சேம்பர். கட்டம் போட்ட கண்ணாடித் தகடு, ஆழம் 0.1 மில்லிமீட்டர். ரத்தத்தை 20 மடங்கு நீர்க்க வைத்து, நான்கு மூலைக் கட்டங்களில் எண்ணி, 50 ஆல் பெருக்க வேண்டும். கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அணுக்களில் இரண்டு பக்கத்தை மட்டும்தான் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒரே அணு இரண்டு கட்டத்திலும் கணக்காகிவிடும்.

மெஷின் லட்சங்களில் விலை. கேமராவோ எல்லார் பையிலும் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் ஐபீஸில் மொபைலை வைத்துப் படம் எடுத்தால், பின்னணியைப் பிரித்து, வட்டங்களைத் தேடி எண்ண ஒரு சின்ன புரோகிராம் போதும். படங்களை அலச உதவும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பு இலவசம்தான். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அணுக்களை ஒன்றாக எண்ணிவிடும் என்பதுதான் தலைவலி. (கல்லூரி புராஜெக்டில் நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டது அங்கேதான்.)

அக்காவிடம் சொன்னேன். கண்ணை எடுக்காமலே கேட்டார்: "சரி, அது தூசியையும் சேர்த்து எண்ணாதா?"

எண்ணும்க்கா.