ஒரு டப்பா பட்டன்

ஜூன் 12, 2024
பாப்பாவை இன்றைக்குப் பால்வாடியில் சேர்த்தோம். ஆவணி வந்தால் மூணு வயசு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை. விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்வார்கள் என்று நினைத்தேன். டீச்சர் என்னையும் பாயில் உட்காரச் சொன்னார். "வீட்ல என்ன விளையாடுவா? எந்தப் பாட்டுக்குச் சிரிப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. எடை தெரியும், போட்ட ஊசியெல்லாம் மனப்பாடம். நான் தைக்கும்போது அவள் மெஷினடியில்தான் கிடப்பாள். அங்கே என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஜூன் 21
அத்தைக்குக் குறை. எதிர்வீட்டுப் பையன் எல்கேஜியில் ஏபிசிடி எழுதுகிறானாம், நம்ம பிள்ளை முட்டை தின்று தூங்கிவிட்டு வருகிறதாம். என் வீட்டுக்காரர் சிலேட்டு வாங்கிவந்து ராத்திரி கையைப் பிடித்து 'அ' போடவைத்தார். பல்பத்தை உலக்கை மாதிரி முழுக்கையால் பிடித்தாள். மூன்றாவது 'அ'வில் தேம்பத் தொடங்கினாள். போதும் என்று சிலேட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 24
டீச்சரிடம் சொன்னேன். "இந்த வயசுல விரலுக்கு இன்னும் பலம் ஏறலம்மா. சிலேட்டுல இஷ்டத்துக்குக் கிறுக்கட்டும். நீங்க மாவு உருட்டக் குடுங்க, மொச்சை உரிக்கச் சொல்லுங்க, மணி கோக்க விடுங்க. எழுத்து அதுக்கப்புறம்."

இங்கே பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். 1975 அக்டோபர் 2இல், பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே சத்துணவு, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் அதில் இருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் சோறு போடுகிற இடம் என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம்வரை நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூலை 3
கோட்டுப் பட்டன்களில் பெரிதாகப் பார்த்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். சின்னதெல்லாம் பூட்டிய பெட்டிக்குள். வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. நான் காஜா எடுத்தபடி பக்கத்திலேயே இருந்தேன். முதலில் கொட்டினாள், அள்ளினாள், மறுபடி கொட்டினாள். பிறகு கறுப்பையெல்லாம் ஒருபக்கம் ஒதுக்கினாள். நான் சொல்லித்தரவில்லை. "இது ரெண்டு ஓட்டை. இதுக்கு நாலு ஓட்டை," என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அடுத்த பட்டனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, அவளே "நாலு" என்றாள். எண்ணிப் பார்த்தேன். நாலுதான். பிறகு மெழுகு தேய்த்த தடிநூலைக் கொடுத்தேன். ஒரு பட்டன் கோக்க அரைமணி நேரம். இரண்டு ரவிக்கை நின்றுபோனது, போகட்டும்.

ஜூலை 18
அம்மாக்கள் கூட்டம், காலை பதினொரு மணிக்கு. வந்தது ஐந்து பேர். "பெத்தவங்களுக்கு அக்கறையே இல்ல," என்று ஒருவர் சொன்னது மனசைச் சுட்டது. நாத்து நடப் போனவளும் நூறு நாள் வேலைக்குப் போனவளும் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? ஒருநாள் கூலியை யார் கொடுப்பது? சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துப் பாருங்கள் என்றேன். இன்னொன்றும் கேட்டேன்: ஏன் அம்மாக்களை மட்டும் கூப்பிடுகிறீர்கள்? டீச்சர் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 2
மழை. வாழைத்தார் வெட்டு இல்லை, அவர் வீட்டில் இருந்தார். கூட்டிவர அவரையே அனுப்பி, நானும் குடையோடு பின்னால் போனேன். வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். பாப்பா ஓடிவந்து அவர் விரலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். சுவரில் பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் கறுப்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு வட்டம். கோணல்தான், ஆனால் முனையும் முனையும் சேர்ந்திருந்தது.

"இது என்னடா தங்கம்?"

"பட்டன்."

அவர் ஈர வேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஓட்டை எங்க?"

டீச்சர் சாக்பீஸ் துண்டை நீட்டினார். பாப்பா அதை மூன்று விரலால் பிடித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்தாள்.