23 ரெப்போ, ஒரு யுபிஎஸ்

2023 டிசம்பர் 11, திங்கள்
போன வாரம் மிக்ஜாம் புயல் சென்னை வேளச்சேரியை ஏரியாக்கிவிட்டுப் போனது. அலுவலகத்தின் தரைத்தளத்தில்தான் எங்கள் சர்வர். தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டபோது, காவல்காரத் தாத்தாவும் நானும் அதைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போனோம். 12 வருட கோட், 23 ப்ராஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்). எல்லாம் சப்வெர்ஷனில், அதாவது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளில். அதில் அவரவர் மடிக்கணினியில் இருப்பது கோடின் இன்றைய நிலை மட்டுமே. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுக்க அந்த ஒரே பெட்டிக்குள். இன்று மேனேஜர் கூப்பிட்டு, "கிளவுடுக்குப் போயிடலாம்பா, நீயே பாத்துக்கோ" என்றார். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இதையேதான் சொன்னார்.

டிசம்பர் 13, புதன்
கிளவுடுக்குப் போக, சப்வெர்ஷனை விட்டு கிட் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறுகிறோம். மாற்றும்போது ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிந்த மாற்றத்துக்கும்) எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் தர வேண்டும். சப்வெர்ஷனில் இருப்பதோ வெறும் லாகின் பெயர். பட்டியல் எடுத்தால் 31 பேர், அதில் 19 பேர் வேலையை விட்டுப் போயாயிற்று. 'டெம்ப்2' யாரென்று எவருக்கும் தெரியவில்லை. 'ட்ரெய்னி' என்ற ஒரே லாகினில் ஐந்து பேட்ச் பயிற்சிப் பசங்க எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு ஃபைலைப் பார்த்த மேனேஜர், "இது நான் எழுதினது, வேரியபிளுக்கு இப்படிப் பேர் வைக்கிற ஆள் நான்தான்" என்று கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

டிசம்பர் 15, வெள்ளி
பெரிய ப்ராஜெக்டை கிட்டுக்கு மாற்றும் கருவியில் ஓடவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்தக் கருவி திருத்தங்களை ஒன்றொன்றாகத்தான் இழுக்கும், அவசரப்படுத்த முடியாது. இரவு 11 மணிக்கு எட்டிப் பார்த்தால், பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வந்ததென்று பாதியில் நிற்கிறது. அதே ஆள்தான், முதல் எழுத்து மட்டும் கேப்பிடல். சேர்த்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன்.

டிசம்பர் 20, புதன்
இன்று பெரிய சண்டை. சப்வெர்ஷனில் திருத்தங்களுக்கு வரிசை எண் உண்டு. எங்கள் பக் (பிழை) பதிவுகளில் எல்லாம் "4127-இல் சரிசெய்தது" என்றுதான் இருக்கும். கிட்டில் அந்த எண் கிடையாது, ஹாஷ் என்ற 40 எழுத்து அடையாளம்தான். "அப்ப பழைய பக்கையெல்லாம் எப்படித் தேடறது?" என்று சீனியர் அக்கா பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. மாற்றும் கருவி ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் பழைய முகவரியையும் எண்ணையும் ஒரு வரியாக எழுதிவிடும். அசிங்கமாக இருக்கிறதென்று அதை நிறுத்தும் தெரிவைப் போட்டிருந்தேன். அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, நான்கு நாள் வேலையை மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறேன். இனி கமிட் வரலாற்றில் '@4127' என்று தேடினால் வந்துவிடும். முதலிலேயே அக்காவைக் கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 27, புதன்
நாங்கள் ரெப்போக்களை ஏற்றும் கிளவுட் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேல் உள்ள ஃபைலை ஏற்காது. யாரோ 2014-இல் 340 எம்பி டேட்டாபேஸ் பேக்கப்பைக் கமிட் செய்து, மறுநாளே அழித்திருக்கிறார்கள். அழித்தாலும் வரலாற்றில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வரலாற்றைத் திருத்தும் ஃபில்டர் ரெப்போ என்ற கருவியை வைத்து வெட்டினேன். அப்படி வெட்டினால் அந்தக் கமிட்டிலிருந்து வரும் ஹாஷ் எல்லாமே மாறிவிடும், அதனால் மற்றவர்கள் எடுப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஒரு கஸ்டமரின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அகப்பட்டது. அதை வரலாற்றிலிருந்து நீக்கியதோடு விடாமல் பாஸ்வேர்டையே மாற்றச் சொல்லிவிட்டேன்.

2024 ஜனவரி 4, வியாழன்
23 ப்ராஜெக்டையும் அப்படியே தூக்கிப்போக வேண்டாம், ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்துவிடலாம் என்று முடிவு. ஜிஎஸ்டி கணக்கிடும் கோட் நான்கு இடத்தில் இருந்தது. 2017 ஜூலையில் அவசரத்தில் ஒன்று எழுதி, மற்ற மூன்றுக்கும் காப்பி அடித்தது. டிஃப் போட்டு வித்தியாசம் பார்த்தால் நான்கும் நான்கு திசை. ஒன்று பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரியைப் பைசாவுக்கு முழுமையாக்குகிறது, இன்னொன்று மொத்தத்துக்கு. ரூ. 10.50-க்கு மூன்று பொருள்கள், 9% சிஜிஎஸ்டி (ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கு) என்றால் முதல் முறையில் 2.85, இரண்டாவதில் 2.84. ஒரு பைசாதான். ஆனால் ஒரு கஸ்டமர் மாதாமாதம் "டோட்டல் டேலி ஆகலை" என்று போன் செய்தது இதனால்தான் என்பது இப்போதுதான் புரிகிறது. எது சரி என்று கணக்குப் பிரிவு அக்காவைக் கேட்டேன். "ரெண்டு பில்லும் ஏற்கெனவே போயாச்சு, தம்பி" என்றார். ஒரே லைப்ரரி (எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவான கோட்), இரண்டு முறைக்கும் ஒரு செட்டிங் என்று வைத்துவிட்டேன். முழுத் தீர்வு இல்லை, தெரியும்.

ஜனவரி 14, ஞாயிறு
போகி. தெருவெல்லாம் புகை. பழைய சர்வரில் யாரும் கமிட் செய்ய முடியாதபடி ஒரு ஹூக் (தானாக ஓடித் தடுக்கும் சின்ன நிரல்) போட்டு, புதிய முகவரியைச் செய்தியாக வைத்தேன். கடைசித் திருத்தங்களை இழுத்து மேலே ஏற்றி முடிக்க மாலையாகிவிட்டது. பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருந்ததால் ஒரு தொல்லையும் இல்லை.

ஜனவரி 18, வியாழன்
தொல்லை எல்லாம் இன்று வந்தது. விண்டோஸில் ஓடிய பில்ட் (கோடை அப்ளிகேஷனாக்கும் வேலை) கிளவுடின் லினக்ஸில் விழுந்தது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, கோடில் சின்ன எழுத்து, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. கிட் காலி ஃபோல்டரை வைத்துக்கொள்ளாது, அதனால் லாக் ஃபோல்டர் இல்லாமல் ஒரு அப்ளிகேஷன் எழவே இல்லை. அதிகாலை 2 மணிக்கு வைத்த பில்ட் காலை 7.30-க்கு ஓடியது, அங்கே கடிகாரம் யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான், ஆனால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

ஜனவரி 25, வியாழன்
சீனியர் அக்கா 4127-ஐத் தேடினார். பத்து வினாடியில் கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தார், அதுவே பெரிய பாராட்டு. பழைய சர்வரை மார்ச் வரை படிக்க மட்டும் விட்டுவைக்கிறோம். அதன் யுபிஎஸ்ஸை இப்போதே கேட்டுக் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டது.