இளைத்தாலும் நடக்கலாம்: பீடியை விட்டதும் அதற்குப் பிறகும்

சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு இளைக்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் நம் ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, "இனிமே அலையாதீங்க, பேசாம உட்காருங்க" என்பதுதான். சில வருடங்களாக இந்த நோயோடு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த யோசனையைக் கேட்காதீர்கள். புகையை நிறுத்துங்கள், மருந்தைச் சரியாக உறிஞ்சுங்கள், அப்புறம் நடங்கள். நான் எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். பாபநாசம், வலங்கைமான் பக்கம் திண்ணையில் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது போய்ச் சேர வேண்டும்.

எனக்கு வேலை அரிசி ஆலையில். புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். அந்த அடுப்பருகில் இருபது வருடத்துக்கு மேல் நின்றேன். பீடி அதற்கும் முன்னால், மீசை முளைக்கிற வயதில் வந்தது. கையில் காசிருந்தால் சிகரெட், இல்லாவிட்டால் பீடி. காலையில் சளியோடு வரும் இருமலை ஆலைத் தூசு என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு மார்கழியில் சைக்கிளை மிதித்துக் குடமுருட்டிப் பாலம் ஏற முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்த என் மகள்தான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள்.

காசநோய் இல்லை என்று சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் பார்த்துவிட்டு, ஊதும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்பைரோமெட்ரி என்று பெயர். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கவ்வி, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். 6 வினாடியாவது விடாமல் ஊதச் சொல்வார்கள். பக்கத்தில் நின்ற பெண், "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க ஐயா" என்று என்னோடு சேர்ந்து மூச்சுப் பிடித்தார். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். மருந்துக்குப் பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் வினாடியில் வந்தது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிரந்தரமானது என்று பொருள். என் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் வினாடியில் வர வேண்டிய காற்றில் பாதிகூட எனக்கு வரவில்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு "நெஞ்சுச்சளி" என்று அனுப்பினால் விடாதீர்கள். ஊதிப் பார்க்காமல் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது.

மருத்துவர் படம் போட்டுக் காட்டியது டெல்டாக்காரனுக்குச் சட்டென்று புரிந்தது: கோளாறு பாசனத்தில் இல்லை, வடிகாலில். நாம் காற்றை உள்ளே இழுக்க முடியாமல் தவிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் பழைய காற்று முழுதாக வெளியேறாமல் நுரையீரலிலேயே தேங்கிவிடுகிறது, புதுக்காற்றுக்கு இடமில்லை. பின்னால் நான் கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சி எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

"போனது திரும்ப வராது ஐயா. ஆனா புகையை நிறுத்தினா, சரிவு வேகம் குறையும். நிறுத்தலைன்னா எந்த மருந்தாலயும் அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது" என்றார். இதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. ஐம்பது வயதில் நிறுத்தினாலும் அறுபதில் நிறுத்தினாலும் பலன் உண்டு என்பதையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பீடிக் கட்டின் மேலேயே ஒரு எண் அச்சிட்டிருக்கிறது: 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் புகையிலைப் பொருளிலும் அதைப் போட வேண்டும் என்பது சட்டம். கட்டணம் கிடையாது. கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேட்டார் அந்தப் பெண். கண் விழித்த உடனே என்றேன். அரை மணிக்குள் முதல் பீடி என்றால் நிக்கோடின் பிடி பலமானது, மனஉறுதியை மட்டும் நம்ப வேண்டாம், மருத்துவரிடம் நிக்கோடின் சூயிங்கம் கேளுங்கள் என்றார். நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறிக்கச் சொன்னார். நான் ஆடிப் பெருக்கைச் சொன்னேன். அதற்கு முந்தின நாள் வீட்டிலிருந்த தீப்பெட்டி, லைட்டர், சட்டைப் பைகளில் கிடந்த துண்டு பீடி எல்லாவற்றையும் என் மனைவி வாரிக் கொண்டுபோய்ப் போட்டாள். குறித்த நாளுக்குப் பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரித்தார்கள். அந்த அழைப்புகள் எனக்குப் பெரிய துணை.

சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மெல்ல வேண்டும், சுருக்கென்று காரம் வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லல். காபி குடித்த கால் மணிக்குள் போட்டால் நிக்கோடின் சரியாக ஏறாது. காபியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நம் பக்கம் யாரும் சொல்வதில்லை. புகைப்பவர் உடலில் காபியின் வீரியம் சீக்கிரம் கரைந்துவிடும். புகையை நிறுத்தியதும் அதே காபி இரண்டு மடங்கு வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் வரும். பீடி கேட்கிறது என்று நினைப்போம், பாதி காபியால் வந்ததாக இருக்கும். கும்பகோணத்துக்காரனிடம் காபியைக் குறை என்பது கொடுமைதான், ஆனால் பாதியாகக் குறைத்தேன், கை நடுக்கம் நின்றது. இதே காரணத்தால் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டெரிஃபிலின் போன்றவை, புகையை நிறுத்தியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், அவர் பார்த்துக் குறைப்பார்.

முதல் சில நாட்கள் கடினம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. அந்த நிமிடங்களுக்கு வேலை கொடுத்தால் போதும். எழுந்ததும் பல் தேய்த்து வெந்நீர், சாப்பிட்டதும் சோம்பு, பேருந்துக்கு நிற்கும்போது பெட்டிக்கடைக்கு எதிர்ப்பக்கம். நிறுத்திய பிறகு இருமலும் சளியும் கொஞ்ச நாள் கூடுவதைக் கண்டு பயந்து பலர் திரும்பப் பிடிக்கிறார்கள். நுரையீரல் தன்னைத் துடைக்கத் தொடங்கும்போது அப்படி ஆவதுண்டு, சில வாரங்களில் அடங்கும். பெரியவர்கள் சிலர், "வெத்தலையோட துளி பொகையிலை போட்டுக்க, பீடி மறந்துடும்" என்றார்கள். செய்யாதீர்கள். அதே நிக்கோடின்தான், போதாததற்குப் புகையிலை வாய்ப் புற்றுநோய்க்கு நேர் வழி.

சோதனை துக்க வீட்டில் வந்தது. பந்தலில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடியும் வைத்திருப்பார்கள். மச்சினன் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு அத்தான். மனசு ஆறும்."

"வேணாம்டா. அந்த ஒண்ணுக்குத்தான் பயப்படறேன். சித்த நேரம் என் பக்கத்துல உட்காரு, அது போதும்."

அவனும் அன்று என் அருகில் பற்றவைக்கவில்லை.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். "இன்ஹேலர் பழகிடும், கடைசிக் கட்டத்துக்குத்தான் அது" என்ற பேச்சால் நம் ஊரில் எத்தனையோ பேர் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அது பழக்கமாக்கும் மருந்து இல்லை. நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவு போதும். தினமும் எடுக்க வேண்டியது ஒன்று, திடீர் இளைப்புக்கு எடுப்பது வேறொன்று. எது எதுவென்று கேட்டு டப்பாவில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பொடி வகையில் வரும் குளிகையைக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டும், விழுங்கக் கூடாது. பொடியை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். ஸ்ப்ரே வகையை மெதுவாக, முடிந்தால் ஸ்பேசர் என்ற, மருந்தைத் தேக்கித் தரும் குழலை வைத்து இழுக்க வேண்டும். இரண்டிலும் முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, மருந்தை இழுத்தபின் பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். ஒவ்வொரு முறை போகும்போதும் செவிலியர் முன்னால் ஒருதரம் உறிஞ்சிக் காட்டுகிறேன்.

இனி நடை. இளைப்பு வந்தால் பயம் வருகிறது, பயந்து உட்காருகிறோம், உட்கார உட்காரக் கால் சதை கரைகிறது, கரைந்த காலுக்கு அதே தூரம் நடக்கக் கூடுதல் மூச்சு கேட்கிறது. நோயைவிட இந்தச் சுழல்தான் என்னை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது. இயன்முறை மருத்துவர் முதலில் 6 நிமிட நடைச் சோதனை வைத்தார். 30 மீட்டர் தாழ்வாரத்தில் போய்த் திரும்ப வேண்டும், நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். விரலில் ஆக்ஸிஜன் பார்த்துவிட்டு, "இளைக்கிறது ஆபத்து இல்லை ஐயா. நின்னு வாங்கிட்டு மறுபடி நடங்க. நெஞ்சு வலி, தலை சுத்தல் வந்தா மட்டும் நிறுத்திடுங்க" என்றார். இந்த மூன்று வாக்கியத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவர் கற்றுக்கொடுத்தது உதடு குவித்து ஊதும் மூச்சு. மூக்கால் இரண்டு எண்ணி இழுப்பது, சீழ்க்கை அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விடுவது. மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேறும். இழுப்பதில் பலம் காட்டாதீர்கள், விடுவதில் பொறுமை காட்டுங்கள். உழைப்பு எப்போதும் மூச்சை விடும்போது: எழும்போது, தூக்கும்போது, படி ஏறும்போது. வாய்க்கால் கரையில் மாலையில் நடந்தேன், பேசினால் வாக்கியம் துண்டு துண்டாக வரும் அளவு வேகம். நின்றால் வரப்பு மரத்தில் கை ஊன்றி முன்சாய்ந்து ஊதுவேன். ஊர்க்காரர்கள் முதலில் ஓடிவந்து பிடித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

சுவாமிமலையில் முருகன் சந்நிதிக்கு 60 படிகள், தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரால். மனைவிக்கு வேண்டுதல் இருந்தது, நானோ கீழேயே நின்றுவிடுவேன் என்று அவள் நினைத்திருந்தாள். நின்றபடி இழுப்பது, ஊதிக்கொண்டே இரண்டு படி ஏறுவது, மறுபடி நிற்பது. எங்களைத் தாண்டி எத்தனையோ பேர் போனார்கள். அவசரப்படாமல் ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் சாமியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது, ஊதிப் பார்த்தால் எண் மாறவில்லை. மாறியது கால், மாறியது பயம்.

வீட்டிலும் சில மாற்றங்கள். முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறேன். வயிறு முட்டச் சாப்பிட்டால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடமில்லாமல் இளைக்கும், அதனால் சிறுகச் சிறுகப் பல வேளை. விறகடுப்பு, கொசுவத்தி, மிளகாய் வறுப்பு எதுவும் நான் இருக்கும் அறைப்பக்கம் இல்லை. போகியன்று கதவைச் சாத்திக்கொள்கிறேன். சம்பா அறுவடையில் கதிரறுக்கும் இயந்திரம் இறங்கினால் முகக்கவசம். ஆலை முதலாளி என்னை உமி அடுப்பிலிருந்து எடைமேடைக்கு மாற்றிக்கொடுத்தார், அந்த நன்றி எனக்கு உண்டு.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், அளவு கூடினால், வழக்கத்தைவிட இளைத்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகிறேன். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் பேச முடியாமல் போனாலோ, பேச்சு குழறித் தூக்கம் சொக்கினாலோ 108. வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அளவைக் கூட்டக் கூடாது. எங்களைப் போன்றவர்களில் பலருக்கு ரத்த ஆக்ஸிஜனுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 சதவீதம்தான், அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கிவிடும். ஃப்ளூ தடுப்பூசியை வருடாவருடம் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் போட்டுக்கொள்கிறேன், நிமோனியா தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. மச்சினன் போன வாரம் பீடிக் கட்டைத் திருப்பி அந்த எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னான். நிறுத்தும் நாளை இன்னும் குறிக்கவில்லை, குறிக்கும்போது சொல்கிறேன் என்றிருக்கிறான்.