லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது

லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டை மாற்றவே முடியாது என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், நான் மாற்றியிருக்கிறேன். ‘அதற்கென்ன, மாற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் இன்னும் அதிகமாகக் கோபம் வரும். அதற்கும் காரணம் அதேதான்.

என்னுடையது 17 அங்குலத் திரை கொண்ட பழைய முரட்டு லேப்டாப். அடிமூடியைத் திறந்தால் தாமிரக் குழாய்களுக்குக் கீழே ஜிடிஎக்ஸ் 870எம் என்ற கிராபிக்ஸ் கார்டு தனிப் பலகையாக உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பில் கழற்றி மாட்டும் கார்டுகளுக்கான எம்எக்ஸ்எம் 3.0 என்ற வடிவம் அது. அதில் ஏ வகை 82க்கு 70 மில்லிமீட்டர், பி வகை 82க்கு 105. என் கார்டு பெரிய வகை. மதர்போர்டு செத்துப்போன இன்னொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய 980எம் ஒன்று கிடைத்ததும் கை சும்மா இருக்கவில்லை.

கார்டை எடுத்து மாட்டுவது ரேம் மாற்றுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வேலை. சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். கார்டின் திருகுகளை எடுத்தால் அது சாய்வாக எழும்பும், உருவிக்கொள்ளலாம். புதியதையும் சாய்வாகவே செருகி, அழுத்தித் திருக வேண்டும். இவ்வளவுதான் காணொளிகளில் காட்டுவார்கள். தலைவலி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் ஹீட் சிங்க். நடுச் சிப் சரியாகப் பொருந்தினாலும் சுற்றியுள்ள நினைவகச் சிப்களும் மின்சாரப் பகுதிகளும் கார்டுக்குக் கார்டு இடம் மாறும். இடைவெளியைச் சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேட் நிரப்ப வேண்டும். பேட் தடிமனாக இருந்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நடுச் சிப்பைத் தொடாது. மெல்லியதாக இருந்தால் நினைவகம் வெந்துபோகும். சூட்டைக் கடத்தும் பசையான பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவி, திருகி இறுக்கி, மறுபடி கழற்றித் தடம் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பேட்களை வெட்டினேன். பொறுமையில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது, லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் சம்மதம். கார்டுக்குள் அதே வேலையைச் செய்யும் வீபயாஸை லேப்டாப்பின் பயாஸ் ஏற்காவிட்டால் திரை இருண்டே கிடக்கும், அல்லது விசிறி கட்டுப்பாடில்லாமல் முழு வேகத்தில் அலறும். எனக்கு இரண்டும் நேரவில்லை. என் லேப்டாப்பின் குடும்பத்தைச் சேர்ந்த லேப்டாப்பிலிருந்து வந்த கார்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன். ஆனால் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் விடவில்லை. பொருத்தமான வன்பொருள் எதுவும் இல்லை என்று அதன் நிறுவல் நிரலே மறுத்துவிட்டது. என் லேப்டாப்பின் அடையாள எண்ணோடு 980எம் சேர்ந்த வரி எந்தெந்த வன்பொருளை ஏற்கலாம் என்று பட்டியலிடும் டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பில் கிடையாது. அந்த வரியை நோட்பேடில் நானே எழுதிச் சேர்த்தேன். கோப்பைத் தொட்டதால் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். எனவே விண்டோஸின் தொடக்க அமைப்புகளில் 7ஐ அழுத்தி, கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவ வேண்டும். புது டிரைவர் வரும்போதெல்லாம் இதே சடங்கு. பலன் உண்டு: 3 ஜிபி நினைவகம் 8 ஜிபி ஆனது, குறைந்த தரத்தில் திக்கித் திணறிய விளையாட்டுகள் உயர் தரத்தில் ஓடின.

இதைக் கேள்விப்பட்ட அக்கா மகன், “மாமா, என்னுடையதையும் மாற்றித் தாருங்கள்” என்று ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட லேப்டாப்போடு வந்து நின்றான். திறந்து காட்டினேன். கார்டு என்று ஒன்று இல்லவே இல்லை. சிப்பும் அதைச் சுற்றியுள்ள நினைவகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. சூடான காற்றால் சிப்பைப் பெயர்த்து வேறொன்று வைப்பவர்கள் உண்டு. அதே சிப்பை வைத்தால் அது பழுதுபார்ப்பு. வேறு சிப் என்றால் மின்சாரச் சுற்றும் நினைவகமும் வீபயாஸும் ஒத்துவர வேண்டும். அந்தச் சூதாட்டத்துக்கு நான் வரமாட்டேன்.

அவனுடைய சிப் முழு பலத்தில் ஓடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. லேப்டாப் 3060க்கு 60 முதல் 115 வாட் வரை எவ்வளவு கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். பெயர் ஒன்று என்பதால் வேகமும் ஒன்றாக இருக்காது. மேசைக் கணினியோடு ஒப்பிட்டால் இன்னும் மோசம்: ஆர்டிஎக்ஸ் 4090இல் மேசைக்குப் பெரிய ஏடி102 சிப்பும் 24 ஜிபி நினைவகமும், லேப்டாப்புக்குச் சிறிய ஏடி103 சிப்பும் 16 ஜிபியும்.

அவனுக்கு ஒற்றை 8 ஜிபி ரேம்தான் இருந்தது. ஜோடியாக இன்னொன்று போட்டதும் திடீர் திடீரென்று வந்த திணறல் குறைந்தது. படம் ப்ராசசருக்குள் உள்ளமைந்த கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு திரைக்குப் போவதை, திரையை நேரே 3060 சிப்போடு இணைக்கும் மக்ஸ் சுவிட்சால் நிறுத்தினோம். காய்ந்திருந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பிடிஎம்7950 என்ற சூட்டைக் கடத்தும் தாளை வைத்தோம். 45 டிகிரி வாக்கில் இளகி, இடுக்குகளில் பரவி, பேஸ்ட் போல ஓரத்துக்கு ஒதுங்காமல் நிற்கும். திரவ உலோகம் போடலாமா என்று கேட்டான். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும். வேண்டாம் என்றேன்.

லேப்டாப்புக்கு வெளியே ஒரு பெட்டியில் கார்டை வைத்துக் கம்பியால் இணைப்பதைப் பற்றியும் பேசினோம். தண்டர்போல்ட் 3 கம்பியில் நொடிக்கு 40 கிகாபிட் போகும், கார்டுக்கு அதில் 32தான் கிடைக்கும். ஆக்குலிங்க் என்ற வேறு வகை இணைப்பு இருந்தால் 64. படத்தை லேப்டாப்பின் திரைக்கே திருப்பி அனுப்பினால் அந்தப் பாதையிலும் நெரிசல், எனவே தனி மானிட்டர் வேண்டும். பெட்டி, பவர் சப்ளை, கார்டு, மானிட்டர் என்று கூட்டிப் பார்த்தால் மேசைக் கணினியின் விலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். நான் மேசைக் கணினியைத்தான் வாங்குவேன்.

பின்புறம் கிராபிக்ஸைத் தனித் தொகுதியாகக் கழற்றும்படி ஃபிரேம்வொர்க் நிறுவனத்தார் தங்கள் லேப்டாப் 16ஐச் செய்தார்கள். முதலில் ரேடியான் 7700எஸ் தொகுதி வந்தது. அதே லேப்டாப்பில் பொருந்தும் ஆர்டிஎக்ஸ் 5070 தொகுதியை 2025இல் அறிவித்தார்கள். அடுத்த தலைமுறைக் கார்டு பழைய உடலுக்குள் நுழைவதை இப்படிப் பார்ப்பது அபூர்வம். அக்கா மகன் அதற்குப் பணம் சேர்க்கிறான்.

என் 980எம்முக்கு விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ஐஎன்எஃப் கோப்போடு மல்லுக்கட்டுவது ஆண்டுக்கு நான்கு முறைதான்.